காது ஆறுவதும் தைராய்டு அசைவதும்: ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

மதுரையில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும், டாக்டர் சீட்டு இல்லாமலே கைமாறும் மருந்துகளில் காதுச் சொட்டு மருந்து ஒன்று. சீட்டு நைந்து போன பிறகும் அதே அளவில் வாங்கப்படும் மருந்துகளில் தைராய்டு மாத்திரை ஒன்று. இரண்டையும் பற்றி ஜனங்கள் பேசுவதைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். "எங்க சின்னம்மாவுக்கு இந்தச் சொட்டு மருந்துல ரெண்டே நாள்ல வலி நின்னுருச்சு" என்பார்கள். "தைராய்டு மாத்திரை மூணு வாரமா போட்டேன், ஒண்ணும் கேக்கல, நிறுத்திட்டேன்" என்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நடந்ததிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு இரண்டுமே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் இதுதான். காது நோய்களில் பல, மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் கையில் எந்தப் பாட்டில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். தைராய்டு அப்படியில்லை. சரியான மருந்து, சரியான அளவு, எல்லாம் சரியாக நடந்தாலும் உடம்பு மெதுவாகத்தான் அசையும். அதனால் நல்ல மருந்துக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். ஒரு சிகிச்சையை எடைபோடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த நோய் தன் போக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை. மருந்தைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான்.

குழந்தையின் காது வலியை எடுத்துக்கொள்வோம். சளி பிடித்து மூன்று நாளான பிறகு, ராத்திரி குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணெயில் பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து இரண்டு சொட்டு விடுகிறார்கள். மறுநாள் குழந்தை விளையாடப் போய்விடுகிறது. எண்ணெயால் சரியானதா? நடுக்காதில் வரும் இந்தத் திடீர் அழற்சிக்கு ஆண்டிபயாடிக் கொடுத்த குழந்தைகளையும், மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல உண்டு. அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வாளர் குழு கண்டது: எதைக் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ 60 சதவீதக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் வலி அடங்கிவிடுகிறது. முதல் நாளைப் பொறுத்தவரை ஆண்டிபயாடிக்குக்கே பெரிய பங்கில்லை என்றால் பூண்டு எண்ணெய்க்கு எவ்வளவு பங்கு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ காது வலிக்கு டாக்டரே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இரண்டு காதிலும் அழற்சி இருந்தாலோ, காதிலிருந்து நீரோ சீழோ வர ஆரம்பித்திருந்தாலோ ஆண்டிபயாடிக்கால் கிடைக்கும் பலன் கூடுதல் என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்ததுதான். மற்ற குழந்தைகளுக்கு வலி தணிய எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, இரண்டு மூன்று நாள் கவனமாகப் பார்த்துவிட்டு ஆண்டிபயாடிக் தேவையா என்று டாக்டர் முடிவு செய்தால் அது அலட்சியம் ஆகாது. ஆனால் எண்ணெயை மட்டும் விட்டுவிட வேண்டும். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். நம் ஊர் வெக்கையில் ஈரமும் பிசுக்கும் நிறைந்த காதில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

தலைசுற்றலில் இந்த ஏமாற்றம் இன்னும் பலமாக நடக்கிறது. மெனியர் நோய் என்று ஒன்று உண்டு. திடீரென்று உலகமே சுற்றும், காதில் கொய்ங்கென்று இரைச்சல் வரும், ஒரு காது மந்தமாகும், சில மணி நேரத்தில் அடங்கும், பிறகு பல வாரம் ஒன்றும் இருக்காது. இதற்கு பீட்டாஹிஸ்டின் என்ற மாத்திரையைப் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க எழுதுகிறார்கள். தலைசுற்றல் என்று போனாலே இந்த மாத்திரையோடுதான் திரும்பி வருவார்கள். சாப்பிட்டவர்களில் பலர் குறைந்தது என்றுதான் சொல்வார்கள். 2016-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் 221 நோயாளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவு பீட்டாஹிஸ்டின், ஒன்றுக்கு அதைப்போல மூன்று மடங்கு, மூன்றாவது பிரிவுக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒன்பது மாத முடிவில் மூன்று பிரிவிலும் தலைசுற்றல் வருவது குறைந்திருந்தது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

இந்த முடிவை நான் பலரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் கோபம்தான் வரும். "எனக்குக் கேட்டுச்சே" என்பார்கள். கேட்டது உண்மைதான். மனிதர்கள் டாக்டரிடம் போவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. ஏறி இறங்கும் நோயில் உச்சத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கம்தான். மாத்திரை சாப்பிடாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அந்த இறக்கம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அனுபவம் மிக்க டாக்டராலும் முடியாது. இதே தலைசுற்றலில் இன்னொரு வகை, படுக்கையில் புரளும்போது சில விநாடி மட்டும் கிறுகிறுப்பது. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவது. அதற்குத் தலையை முறையாகத் திருப்பித் துகளை வெளியேற்றும் ஒரு முறையை ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் 1992-ல் வெளியிட்டார். மாத்திரை வேண்டாம், கட்டில் ஒன்று போதும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே நின்றுவிடும். ஆய்வுகளில் போலி முறையோடு ஒப்பிட்டுத் தேறிவந்த சிகிச்சை இது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் புரண்டு படுக்கப் பயப்படுகிறவர்கள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

எல்லாக் காது நோயும் தானாக ஆறாது. சீழ் வடியும் காதுதான் இதற்குப் பெரிய உதாரணம். ஜவ்வில் ஓட்டை விழுந்து, சளி பிடிக்கும்போதெல்லாம், கிணற்றிலோ கண்மாயிலோ குளிக்கும்போதெல்லாம் வடிந்து, கொஞ்சநாள் நின்று, மறுபடி வடியும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கக் கிராமங்களில் இதை ஒரு நோயாகவே எண்ணாமல் வளர்ந்தவர்கள் உண்டு. இங்கே எடைபோட வேண்டிய முதல் விஷயம் மருந்து போகும் வழி. வாயில் போடும் ஆண்டிபயாடிக் ரத்தத்தில் கரைந்து காதுக்கு வருவதற்குள் நீர்த்துவிடும். காதைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்திவிட்டுச் சிப்ரோஃப்ளாக்சசின் வகைச் சொட்டை நேரே விட்டால் பல மடங்கு செறிவில் கிருமியை அடையும். துடைக்காமல் சீழின் மேலேயே சொட்டு விட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. கடையில் கேட்டதும் கிடைக்கும் சில பழைய சொட்டுகளில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை இருக்கும். ஜவ்வு ஓட்டையான காதில் அவை உள்காதில் ஒலியை உணரும் செல்களைக் கெடுக்கக்கூடியவை. காதை எட்டிப் பார்க்காத ஒருவர் எடுத்துக் கொடுக்கும் சொட்டு எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வடிவது நாற்றத்தோடு, கொஞ்சமாக, விடாமல் இருந்தால் அது கொலஸ்டியடோமா என்ற தோல் வளர்ச்சியாக இருக்கலாம். புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். முகநரம்பு, மூளை வரை போன கதைகள் உண்டு. இதைச் சொட்டு மருந்தால் குணப்படுத்த முடியாது, ஆபரேஷன்தான். ஆனால் வெறும் ஓட்டைக்குச் செய்யும் ஜவ்வு ஒட்டும் ஆபரேஷன் வேறு கணக்கு. அங்கே "சக்சஸ்" என்ற ஒரு வார்த்தைக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கும்: ஜவ்வு ஒட்டியதா, வடிவது நின்றதா, கேட்கும் திறன் ஏறியதா. முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்காமல் போவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பும், ஆறிய பின் சில மாதம் கழித்தும் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தத் தாள்களை நோயாளியே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி மாறினால் பழைய கணக்கு தொலைந்துவிடுகிறது.

சரி, தைராய்டுக்கு வருவோம். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் இந்தச் சுரப்பியின் சுரப்பு குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். மாடித் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய மோட்டார் கூடுதல் நேரம் ஓடுவது போல. அதனால்தான் தைராய்டு சோம்பும்போது டி.எஸ்.எச். எண் ஏறுகிறது. குறைந்த சுரப்பை ஈடுகட்டத் தரும் லெவோதைராக்சின், உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும் மருந்து. அதன் அளவு ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம், பிட்யூட்டரி அதை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம். அளவை மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். மூன்றாவது வாரமே லேபுக்கு ஓடி, எண் இறங்கவில்லை என்று டாக்டரை மாற்றுபவர்கள், அந்த டாக்டர் ஏற்றிய அளவையும் அதே அவசரத்தில் எடைபோட்டு, ஒரு வருடம் அளவு ஏறி இறங்கியே அலைகிறார்கள்.

மருந்து வேலை செய்யாததுபோல் தோன்றுவதற்கு இன்னொரு காரணம் நம் காலைப் பழக்கம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறு எதுவும் எடுக்கக் கூடாது. கண் விழித்ததும் டிகாக்‌ஷன் வாசம் வரும் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் பெரிய சோதனை. காபியோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை குடலில் சரியாக ஏறாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளோ இன்னும் மோசம், அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலைக் காபியை விடவே முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கும்போது போடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் இரவில் போட்டவர்களின் ஹார்மோன் எண்கள் காலையில் போட்டபோது இருந்ததைவிட நன்றாகவே இருந்தன. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறிக்கொள்ள வேண்டியதுதான். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் லேபில் சொல்ல வேண்டும். பல கருவிகளில் அது தைராய்டு எண்களையே தவறாகக் காட்டிவிடும்.

இதெல்லாம் நிஜமாகவே தைராய்டு குறைந்தவர்களுக்கு. லேப் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். மட்டும் சற்று ஏறி, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருப்பவர்கள் இன்னொரு பெரும் கூட்டம். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்கள் வந்த பிறகு இவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 5, 6, 7 என்று ஒரு எண், பக்கத்தில் கறுப்பு எழுத்தில் "அதிகம்". அசதி, உடம்பு எடை, முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டதாக மனது ஆறுதல் அடைகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ட்ரஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. பாதிப் பேருக்கு லெவோதைராக்சின், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஒரு வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களின் சராசரி டி.எஸ்.எச். 6.4-லிருந்து 3.6-க்கு இறங்கியது. போலி சாப்பிட்டவர்களுக்கு 5.5-க்குத்தான் இறங்கியது. ஆனால் அசதியிலோ மற்ற தொந்தரவுகளிலோ இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எண் திருந்தியது, ஆள் அப்படியே இருந்தார்.

சிகிச்சையை எடைபோடுவதில் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரியவில்லை. லேப் எண்ணுக்கு வைத்தியம் செய்வது வேறு, மனிதருக்கு வைத்தியம் செய்வது வேறு. போலி மாத்திரையிலும் எண் கொஞ்சம் இறங்கியதைக் கவனியுங்கள். 7-க்குக் கீழே இருக்கும் டி.எஸ்.எச். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. காய்ச்சலிலிருந்து எழுந்த சமயத்தில் எடுத்தாலும் ஏறியிருக்கும், விடியற்காலையில் எடுத்தாலும் மத்தியானத்தைவிட ஏறியிருக்கும், வயதாக ஆகவும் இயல்பாகவே ஏறும். 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பரிந்துரை, இந்த நிலையில் இருக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்றே சொன்னது. கர்ப்பமாக விரும்புகிறவர்கள், டி.எஸ்.எச். 20-க்கு மேல் போனவர்கள், தொந்தரவு கடுமையாக இருப்பவர்கள் போன்றோருக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. வயதானவருக்குத் தேவைக்கு மேல் இந்த மாத்திரை கொடுத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். ஒரு எண்ணை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்குவதற்கு முன், இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பார்ப்பது குறைந்தபட்ச நியாயம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். உலகம் எடுத்துச் சொல்லும் அப்படி ஒரு ஆய்வு மதுரையிலேயே நடந்திருக்கிறது, கண்ணில்தான். நெல் அறுக்கும்போது தாளோ தூசியோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது இந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய துயரம். அதற்கு நாடமைசின் என்ற பழைய சொட்டு இருந்தது, வோரிகொனசோல் என்ற புதிய மருந்து வந்தது. புதியது ஊடுருவிப் போகும், நன்றாக இருக்கும் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் மற்ற ஊர்க் கிளைகளும் 323 நோயாளிகளைச் சேர்த்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டன. 2013-ல் வந்த முடிவில் பழைய நாடமைசின்தான் ஜெயித்தது. ஒப்பிடாமல் விட்டிருந்தால் எத்தனையோ பேர் விலை கூடிய மருந்தைப் போட்டுப் பார்வையை இழந்திருப்பார்கள். திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊரெங்கும் சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. எந்த முறைக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மருந்து சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

காத்திருக்கவே கூடாத இடங்களும் உண்டு, அவற்றைத் தனியாக மனதில் வைக்க வேண்டும். காலையில் எழும்போது ஒரு காது அடைத்துக்கொண்டது போல் கேட்காமல் போனால், குறும்பியாக இருக்கும், சளியாக இருக்கும் என்று வாரக்கணக்கில் விடக் கூடாது. நரம்பு சார்ந்த திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும். இங்கேயும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களுக்குத் தானாகவே ஓரளவு திரும்புகிறது, அதனால் ஸ்டீராய்டின் பலன் எவ்வளவு என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் தாமதித்தால் அந்த வாய்ப்பே போய்விடும் என்பதால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. டாக்டர் ஒரு ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்தாலே அடைப்பா நரம்பா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கர்ப்பிணிகளும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் வயிற்றுக் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. "புள்ளைக்கு ஆகாது" என்று பயந்து, நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த நேரத்தில் அளவை ஏறத்தாழ கால் பங்கு கூட்ட வேண்டிவரும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்குப் பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். மெதுவாக அசையும் தைராய்டு என்று மேலே சொன்னதெல்லாம் இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குக் கார்பிமசோல் மாத்திரை ஒன்றரை வருடம் வரை போகும். அதை எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் அந்தச் சீட்டை எழுதுவது சிகிச்சையில் பாதியை மட்டும் தருவது.

கழுத்துக் கட்டிகளைப் பற்றி ஒரு கசப்பான சரித்திரம் இருக்கிறது. தென் கொரியாவில் 1999-ல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, சின்னக் கட்டணத்துக்குக் கழுத்து ஸ்கேனையும் ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ஐப் போல 15 மடங்காகிவிட்டது. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. உயிருக்கு ஒன்றும் செய்யாத குட்டிக் கட்டிகளைத் தேடிப்பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். தொந்தரவு இல்லாதவருக்குப் பேக்கேஜில் இலவசமாகச் சேர்க்கப்படும் கழுத்து ஸ்கேன் இலவசம் அல்ல என்று இதனால்தான் சொல்கிறேன். நிஜமாகவே ஆபரேஷன் தேவைப்பட்டால், குரல் நரம்பையும் கால்சியத்தைக் காக்கும் நான்கு சின்னச் சுரப்பிகளையும் காப்பாற்றும் கை வேண்டும். வருடத்துக்கு 25-க்கு மேல் இந்த ஆபரேஷன் செய்கிறவர்களிடம் சிக்கல் குறைவு என்று ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. "நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இந்த ஆபரேஷனுக்காகவே 1909-ல் நோபல் பரிசு வாங்கிய தியோடர் கோக்கர், தன் வெற்றிகளைச் சந்தேகித்தவர். 1883-ல் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் உடலும் அறிவும் மந்தமாகிப் போயிருந்தார்கள். அதோடு முழுதாக எடுப்பதைக் கைவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் தெரியாத தீங்கு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

காதும் தைராய்டும் ஒரே குழந்தையில் சந்திக்கும் இடமும் உண்டு. 1896-ல் வாகன் பென்ட்ரெட் என்ற ஆங்கில டாக்டர், பிறவியிலேயே காது கேளாத, கழுத்தில் கழலை வளர்ந்த இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரிலேயே அழைக்கப்படும் அந்த நோய்க்கான மரபணு 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அம்மா அப்பா இருவரிடமும் மறைந்திருக்கும் கோளாறு சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்தில் நடந்தவை. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கொடுத்து வாங்கும் நம் பக்கத்தில் இதுபோன்ற பிறவிச் செவிடு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. காது கேளாத குழந்தைக்குக் கழுத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும், வளர வளரத் தைராய்டு பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளை பிறந்த முதல் மாதத்திலேயே காது பரிசோதனை செய்ய வேண்டும். உப்பும் இதில் சேரும். அயோடின் கடுமையாகக் குறைந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் உள்காது சரியாக வளராது. தூத்துக்குடியில் மலை மலையாக உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு, 2018–19 அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைச் சமையலில் பயன்படுத்துவதில் மாநிலங்களிலேயே கடைசி: 61.9 சதவீத வீடுகள்.

உள்காதில் ஒலியை உணரும் செல்கள் வேலை செய்யாத குழந்தைக்கு, காது நரம்பை நேரே தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவி இருக்கிறது. லட்சக்கணக்கில் ஆகும் இந்த ஆபரேஷன், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். தென் மாவட்ட ஜனங்கள் விவரம் கேட்க முதலில் போக வேண்டிய இடம் மதுரை பெரியாஸ்பத்திரி என்கிற அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. ஆறு வயதுவரை உண்டு என்பதால் ஆறு வயதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் வைத்த குழந்தை பேசுவதற்கும் ஐந்து வயதில் வைத்த குழந்தை பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கருவியைப் பொருத்தியதும் குழந்தைக்குச் சத்தம் கேட்கும், ஆனால் அது பேச்சாகப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் பயிற்சி வேண்டும். உசிலம்பட்டியைத் தாண்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் அம்மா கூலியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: பயிற்சி எங்கே, யார் தருவார்கள், எத்தனை மாதம் இலவசம்? வெளியே மாட்டும் கருவி கெட்டுப்போனால் செலவு யாருடையது? பேட்டரி எங்கே கிடைக்கும்? போன வருடம் இங்கே பொருத்திக்கொண்ட குழந்தைகளில் எத்தனை பேர் இன்னும் பயிற்சிக்கு வருகிறார்கள்?